டாம்காட்டுக்கு யார் பதில் சொல்வது?

அத்தியாயம் 14

ஹெஸ்டரின் உயிருக்கு ஆபத்தில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வார அத்தியாயத்தில் நான் அவளைக் கடை ஏணியிலிருந்து விழவிட்டு அப்படியே விட்டுப் போனது நியாயமில்லைதான். வலது மணிக்கட்டு முறிந்தது, அவ்வளவுதான். டாக்டர் கட்டுப் போட்டு முடிப்பதற்குள், அவருடைய அறைக் கதவின் கீல் துருப்பிடித்திருக்கிறது, நாளைக்கே தன் இரும்புக் கடைக்கு ஆள் அனுப்பட்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டாள்.

ஆனால் அந்த மணிக்கட்டு கிராட்டன் ஊரில் இன்னொரு வீட்டின் நிம்மதியைக் கெடுத்தது. லோர்னாவின் வீடு.

மே மாதக் கடைசியில் வரும் நினைவு நாளன்று, போருக்குப் போய்த் திரும்பாத நீர்மூழ்கிக் கப்பல்களின் பெயர்களை அந்த ஊர் ஆற்றங்கரையில் நின்று படிப்பார்கள். நீர்மூழ்கி என்று வாய் நிறையச் சொல்ல மாட்டார்கள், படகு என்பார்கள். ஒவ்வொரு படகின் பெயருக்கும் ஒரு மணி. அதில் போனவனின் குடும்பம் ஊரில் இருந்தால் அவர்களே கயிற்றை இழுத்து, படகின் சார்பில் பதிலும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பதில் ஒன்றுதான். "நிரந்தர ரோந்தில்." செத்துப்போனான் என்ற சொல் அங்கே யார் வாயிலும் வராது.

டாம்காட் என்ற படகுக்கு மட்டும் வேறு பதில். அதில் இரண்டாவது அதிகாரியாகப் போனவன் லெப்டினன்ட் வாரன் பாப்காக். அவனுடைய அக்காள்தான் ஹெஸ்டர். விழா தொடங்கிய வருஷத்திலிருந்து அவள்தான் கயிற்றை இழுக்கிறாள். இழுத்துவிட்டு, ஊரே கேட்கும்படி, "இன்னும் திரும்பவில்லை" என்பாள்.

கடற்படை அனுப்பிய செய்தியில் அந்த வார்த்தையும் இருந்தது. படகு இன்னும் திரும்பவில்லை, மூழ்கிவிட்டதாகக் கருதப்படுகிறது என்று. வாரனின் மனைவி லோர்னா பின்பாதியையும் படித்தாள். ஹெஸ்டர் முன்பாதியோடு நின்றுவிட்டாள்.

நின்றால் நிற்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். லோர்னாவுக்குத்தான் நஷ்டம். போர் முடிந்தபின் அவள் எமிலைக் கல்யாணம் செய்துகொண்டாள். படகு கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை பார்க்கிற, அதிகம் பேசாத மனிதன். வாரன் இன்னும் திரும்பவில்லை என்றால் எமில் யார்? வருஷா வருஷம் பின்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று அவன் அந்தப் பதிலைக் கேட்கிறான். யாரும் திரும்பி அவனைப் பார்ப்பதில்லை. பார்க்காமலிருப்பதுதான் லோர்னாவுக்கு இன்னும் வலிக்கும்.

நினைவு நாள் காலை. எமில் சமையலறையில் நின்று தன்னுடைய ஒரே நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மகள் ஜூடித் பள்ளிக்கூட பேண்டு சீருடையில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாரன் கடலில் இருந்தபோது பிறந்த பெண். அவன் கண்ணால் பார்க்காத மகள். எமிலைத்தான் அப்பா என்பாள்.

கதவைத் தட்டிக்கொண்டு வந்தவர் ஆமோஸ் டட்டில். பழைய கடற்படைக்காரர். விழாக் குழுவுக்குத் தலைவர், பெயர்களைப் படிப்பவரும் அவரே. மைக் முன்னால் கணீரென்று முழங்குவார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தொப்பியைச் சுற்றிக்கொண்டே நிற்பார்.

"நேரா விஷயத்துக்கு வரேன் லோர்னா. ஹெஸ்டரால இன்னிக்குக் கயிறு இழுக்க முடியாது. அது பழைய படகுத்துறை மணி. ரெண்டு கையும் வேணும்."

"அவங்க பல்லால கடிச்சாவது இழுப்பாங்களே."

"சொன்னா. நான் வேண்டாம்னுட்டேன்." ஆமோஸ் ஜூடித்தைப் பார்த்தார். "மக இழுக்கலாம். இல்லேன்னா மனைவி. அதுதான் விதி."

ஜூடித் கிளாரினெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு பேண்டு இருக்கு மாமா."

"ஒரு நிமிஷம் எழுந்து வந்தா போதும்மா."

"சரி, பேண்டு சாக்குதான். ஹெஸ்டர் அத்தை சொல்ற பதிலை நான் சொன்னா இந்த அப்பா முகத்துல அடிச்ச மாதிரி. சொல்லலேன்னா அத்தை முகத்துல. என்னை விட்டுடுங்க."

எமில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

லோர்னா சூப் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். இத்தனை வருஷமாக அவள் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். ஒரே ஒரு தடவை அந்தக் கயிற்றைப் பிடித்து, வாரனுக்கு முறையாக விடை கொடுக்க வேண்டும். அந்தச் சரியான பதிலை எமில் காதால் கேட்க வேண்டும்.

"நான் இழுக்கறேன்" என்றாள்.

ஆமோஸ் தொப்பியை இன்னொரு சுற்று சுற்றினார். "அதுலதான் ஒரு சிக்கல். யார் வேணா இழுங்க, பதிலை மட்டும் மாத்தக்கூடாதுன்னு ஹெஸ்டர் சொல்லி அனுப்பியிருக்கா."

"நீங்க எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"நானா?" ஆமோஸ் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை.

அந்தக் கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். போர் முடிந்த வருஷம் ஆமோஸ் ஹெஸ்டரைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். "தம்பி வரட்டும். அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் சர்ச்சுக்குள்ள வருவேன்" என்றாள் அவள். மறுபடி அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் அவள் கடையில் ஆணி மட்டும் வாங்கிப் போகிறார். அவர் வாங்கிய ஆணிக்கு ஒரு தெருவே கட்டியிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு நாள் மைக்கில் டாம்காட் என்று படிப்பதும், இன்னும் திரும்பவில்லை என்று அவள் சொல்வதும், அதே கல்யாணக் கேள்வியும் பதிலும்தான்.

அவர் போனதும் எமில் சொன்னான்: "நீயே போய்ப் பேசு. சூப்பை எடுத்துட்டுப் போ. வெறுங்கையோட போனா வாசல்லயே நிக்க வெச்சுடுவாங்க."

ஹெஸ்டரின் வீடு கடைக்கு மேலே. லோர்னா காலால் கதவைத் தட்டினாள்.

"காலால தட்டுற பழக்கம் எப்ப வந்துச்சு?" உள்ளேயிருந்து குரல்.

"கையில பானை இருக்கு."

"என்னது?"

"சிப்பி சூப்."

"தக்காளி போட்டிருக்கியா?"

"தக்காளி போட்டுக் கெடுக்க நான் என்ன நியூயார்க்காரியா?"

"அப்ப வா உள்ள."

ஹெஸ்டர் மேஜைக்கு முன்னால் கழுத்துத் தூளியில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையால் கரண்டியைப் பிடித்தாள். பாதி சூப் மேஜையில் சிந்தியது. லோர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு கிண்ணத்தை அவள் வாயருகே பிடித்துக்கொண்டாள். பதினாறு வருஷத்தில் இருவரும் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததே இல்லை. வழியில் பார்த்தால் தலையாட்டுவார்கள். ஜூடித்தின் பிறந்தநாளுக்கு ஹெஸ்டர் கேக்கை வாசலில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போய்விடுவாள்.

"கயிறு உன்னுது, பதில் என்னுது. ஆமோஸ் சொன்னாரில்ல?"

"சொன்னார். அது என்னால முடியாது ஹெஸ்டர்."

"ரெண்டு வார்த்தை. வாய் வலிக்குமா?"

"பின்வரிசையில எமில் நிக்கறான். என் வாயாலயே வாரன் இன்னும் திரும்பலன்னு சொன்னா, நான் எமிலோட வாழுறதுக்குப் பேர் என்ன?"

"நான் ஒரு பேரும் வைக்கல."

"வருஷா வருஷம் ஊரைக் கூட்டி வைக்கறீங்க."

ஹெஸ்டர் கரண்டியைத் தள்ளினாள். முகம் சிவந்தது. "உனக்கு என்ன தெரியும்? அவனை உன் வீட்டுக்கு அனுப்பினவளே நான்தான்."

லோர்னாவுக்கு முதலில் புரியவில்லை. எமில் அவள் வீட்டுக்கு முதலில் வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. செய்தி வந்த அந்த ஜனவரி. அப்போது அவள் ஆற்றுக்கு அக்கரையில், நியூ லண்டனில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருந்தாள். குழாய் உறைந்து வெடித்து, தரையெல்லாம் பனிக்கட்டி. குழந்தைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. யாருக்கும் கதவைத் திறக்கும் மனநிலையில் அவள் இல்லை. அப்போது கருவிப் பையோடு ஒருவன் வந்து, வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பினார் என்றான். அந்தக் குளிரில் மேலே கோட்டுகூட இல்லாமல் வெறும் ஸ்வெட்டரோடு நின்றான். இப்படியும் ஒரு முட்டாளா என்று நினைத்துத்தான் உள்ளே விட்டாள்.

"வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பினார்னு சொன்னானே?"

"நான் சொல்லச் சொன்னேன்." ஹெஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வாரனோட சாம்பல் நிறக் கோட்டை நீ சர்ச்சுல ஏழைங்களுக்குக் குடுத்த. அதுக்கு உன் வாசல்ல நின்னு கத்தினேன். நீ கதவைச் சாத்தின. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதுக்கு அடுத்த வாரம் பேங்க் தெருவுல போய்க்கிட்டிருக்கேன். நல்ல பனி. முன்னால வாரன் போறான். அதே கோட்டு, முழங்கையில நான் தைச்ச ஒட்டு. வாரன், வாரன்னு கத்திக்கிட்டே ஓடினேன். வழுக்கி விழுந்தேன். எழுந்து மறுபடி ஓடினேன். தோளைப் பிடிச்சுத் திருப்பினா, மீசையோட ஒரு பிரெஞ்சுக்காரன். உன் எமில்."

லோர்னா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நடுத்தெருவுல உட்கார்ந்து அழுதேன். அவன் ஒண்ணும் கேக்கல. கோட்டைக் கழட்டி என் தோள்ல போட்டான். வேண்டாம்ப்பா, நீ உறைஞ்சு போவேன்னேன். இது உங்க வீட்டுதுன்னு தெரியுது, நீங்களே வெச்சுக்குங்கன்னான். வேற ஏதாவது செய்யணுமான்னு கேட்டான். எனக்கு உன் வீட்டுக் குழாய்தான் ஞாபகம் வந்துச்சு. கீழ் வீட்டுக்காரி காலையிலதான் சொல்லியிருந்தா. எனக்கு அவ கதவைத் திறக்க மாட்டா, உனக்குத் திறப்பா, போய்ச் சரி பண்ணு, என் பேரைச் சொல்லாதேன்னேன்."

"ஹெஸ்டர்..."

"குழாயைத்தானே சரி பண்ணச் சொன்னேன்? குடும்பம் நடத்தவா சொன்னேன்?" ஹெஸ்டர் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். "தம்பி வர்றதுக்குள்ள அவன் இடத்துல இன்னொருத்தனைக் கொண்டு வந்து வெச்சது யாரு? கூடப்பிறந்த அக்கா. அவன் திரும்பி வர்றான்னு சொல்லிக்கிட்டிருந்தாத்தானே, வந்தப்புறம் மன்னிச்சுடுடான்னு கேக்க முடியும்?"

இத்தனை காலமும் ஹெஸ்டர் தன்மேல்தான் கோபமாக இருக்கிறாள் என்று லோர்னா நினைத்திருந்தாள். திருப்பிக் கோபப்படவும் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். அதெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எழுந்து வந்து ஹெஸ்டரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு எமில் வரலேன்னா ஜூடித் இருந்திருக்க மாட்டா. குழாயை அடைச்சான், அடுப்பை மூட்டினான், டாக்டரைத் தூக்காத குறையா கூட்டிக்கிட்டு வந்தான். டாக்டரே சொன்னார், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்னு. உங்க தம்பி பிள்ளையை நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க ஹெஸ்டர். எனக்கு நன்றி சொல்லக்கூட வழி விடாம இத்தனை வருஷம் கேக்கை வாசல்ல வெச்சுட்டு ஓடியிருக்கீங்க."

ஹெஸ்டர் மூக்கை உறிஞ்சினாள். "சூப் ஆறுது."

"ஆறட்டும். ரொம்ப நன்றி. எனக்கு நல்ல மனுஷனைக் குடுத்ததுக்கு. என் பொண்ணை எனக்கு மிச்சம் வெச்சதுக்கு." லோர்னாவின் கண்ணீர் ஹெஸ்டரின் கைக்கட்டின் மேல் விழுந்தது. "இன்னிக்கு உங்க பதிலையே சொல்றேன்."

ஹெஸ்டர் அவளை நெடுநேரம் பார்த்தாள்.

ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் காரில் லோர்னா எமிலிடம் கேட்டாள்: "ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

எமிலுக்கு எதைப் பற்றி என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "சொல்லாதேன்னாங்க."

"அதுக்காக இத்தனை வருஷமா?"

"நடுவுல சொல்லுன்னு சொல்லலையே."

லோர்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் கொடுத்த வாக்கைச் சொன்னாள். எமில் ஆற்றுத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பினான்.

"சொல்லிடு" என்றான்.

"உனக்கு வலிக்கும் எமில்."

"வலிக்கத்தான் செய்யும். ஆனா அந்த மனுஷன் கோட்டாலதான் எனக்கு வீடு கிடைச்சுது. அவர் நிஜமாவே திரும்பி வந்திருந்தா எழுந்து நாற்காலியைக் குடுத்திருப்பேன்."

"நாற்காலியைக் குடுப்ப. என்னையுமா?"

"அதை உங்கிட்டத்தானே கேட்டிருப்பேன்."

முன்வரிசைக்கு வா என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அது பாப்காக் குடும்பத்து இடம் என்று சொல்லிவிட்டு அவன் வழக்கம்போலப் பின்னால் போய் நின்றான்.

ஆற்றங்கரையில் நல்ல வெயில். கூட்டம் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டுமாக நின்றது. ஜூடித்தின் பேண்டு வாசித்து முடித்து உட்கார்ந்தது. ஹெஸ்டர் தூளியில் கையோடு, எல்லோருக்கும் முன்னால் வந்து மணிக்கூண்டின் பக்கத்தில் நின்றாள். இழுக்க முடியாவிட்டாலும் நிற்பதை யாராலும் தடுக்க முடியாது.

ஆமோஸ் படிக்கத் தொடங்கினார். பெயர், மணி, பதில். பெயர், மணி, பதில். தள்ளாத தாய் ஒருத்தியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அவள் கயிற்றை இழுத்தாள். நிரந்தர ரோந்தில். ஒரு தம்பி இழுத்தான். நிரந்தர ரோந்தில்.

"டாம்காட்" என்றார் ஆமோஸ். அவர் கண் ஹெஸ்டர் மேல் போய், பிறகு லோர்னாவிடம் வந்தது.

லோர்னா கயிற்றை இரு கையாலும் பிடித்தாள். வாரன் அவளோடு வாழ்ந்தது இரண்டு வருஷம்கூட இல்லை. கடை லாரியில் அவளுக்கு வண்டியோட்டக் கற்றுக் கொடுத்தான்; தபால் நிலைய வேலியை அவள் இடித்துச் சாய்த்தபோது, நான்தான் இடித்தேன் என்று போய் நின்றான். குளியலறையில் சுருதியே சேராமல் பாடுவான். ரொம்ப நன்றி வாரன், என்று மனசுக்குள் சொன்னாள். அந்த நாட்களுக்கு நன்றி, ஜூடித்துக்கு நன்றி, உன் கோட்டுக்கும் நன்றி. உன் அக்காவுக்காக ஒரு பொய் சொல்லப் போறேன், பொறுத்துக்கோ.

இழுத்தாள். மணி ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

"நிரந்தர ரோந்தில்."

சொன்னது லோர்னா இல்லை. ஹெஸ்டர். வழக்கமான கடைக் குரல் இல்லை அது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரல். ஆனாலும் மைக் அதைப் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பேண்டு வரிசையில் ஜூடித் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏன்?" லோர்னா முணுமுணுத்தாள்.

"மன்னிப்புக் கேக்க ஒண்ணுமில்லேன்னு ஆன பிறகு அவனை எதுக்கு வழியிலேயே நிறுத்தி வைக்கணும்? பாவம், தூங்கட்டும்." ஹெஸ்டர் கண்ணைத் துடைக்கவில்லை. பின்வரிசையைப் பார்த்துக் கழுத்தை நீட்டினாள். "எமில். அங்க என்ன பண்ற? முன்னால வா."

எமில் தொப்பியைப் பிடித்தபடியே கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தான். ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இந்தத் தடவை எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் லோர்னாவின் பக்கத்தில் வந்து நின்றதும் அவள் அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.

அடுத்த பெயர் வரவில்லை.

மேடையில் ஆமோஸ் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்கு மேலாக ஹெஸ்டரையே பார்த்தார். யாரோ இருமினார்கள். குழுவில் ஒருவர் அவர் முழங்கையைத் தொட்டார்.

"அடுத்ததைப் படிங்க ஆமோஸ்" என்றாள் ஹெஸ்டர். "அவங்க வீட்டுக்காரங்களும் காத்துக்கிட்டிருக்காங்க இல்ல?"

படித்தார். குரல் முன்போல முழங்கவில்லை.

எல்லாம் முடிந்து, ஆற்றில் பூக்களைப் போட்டுவிட்டுக் கூட்டம் கலைந்தது. ஜூடித் ஓடி வந்து அத்தையைக் கட்டுப் போட்ட கை வலிக்க வலிக்க அணைத்துக்கொண்டு, ஓடிப்போய் எமிலோடு நின்றாள். லோர்னாவும் அவர்கள் பக்கம் நகர்ந்தாள். ஹெஸ்டரின் இடது கை அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது.

"எங்க போற?"

"காருக்கு. நீங்களும் வாங்க, வீட்டுல சாப்பிடலாம்."

"வரேன். இப்ப நில்லு."

லோர்னா திரும்பிப் பார்த்தாள். மேடைப் படிகளில் ஆமோஸ் இறங்கிக்கொண்டிருந்தார். ஆணி வாங்க வருகிற நடை இல்லை அது. நேராக இங்கேதான் வருகிறார்.

"நான் எதுக்கு நடுவுல? நீங்க பேசுங்க" என்று லோர்னா நழுவப் பார்த்தாள்.

"அந்த மனுஷன் என்ன கேக்கப் போறார்னு எனக்குத் தெரியும்." ஹெஸ்டரின் பிடி இறுகியது. "என்ன சொல்றதுன்னுதான் தெரியல. போயிடாதே லோர்னா. எனக்குப் பக்கத்துல நிக்க உன்னைவிட்டா வீட்டு மனுஷி யாரு இருக்கா?"

லோர்னா எமிலைப் பார்த்து, காத்திரு என்று கையைக் காட்டினாள். பிறகு நாத்தனாரின் இடது கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஆமோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்துகொண்டிருந்தார்.